எவான்ஸ் காம்பிட்டில் வென்ற ஒரு கரஸ்பாண்டன்ஸ் ஆட்டமும் அதற்கு நான் கொடுத்த விலையும்

பலகையின் முன்னால் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் சதுரங்கத்தைப் பற்றித் தமிழில் வேண்டிய அளவு எழுதப்பட்டிருக்கிறது. நாள் கணக்கில் யோசித்து ஒரு நகர்த்தலை அனுப்பிவிட்டு, பதில் நகர்த்தல் வரும்வரை காத்திருக்கும் கரஸ்பாண்டன்ஸ் சதுரங்கத்தைப் பற்றிச் சொல்ல மட்டும் எனக்கு யாரும் கிடைக்கவில்லை. பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிய ஓர் ஆட்டம் தீபாவளியைத் தாண்டித்தான் முடிந்தது. அதில் நான் வென்றேன். ஆனாலும் அந்த மாதங்களில் போன தூக்கமும், வீணாகச் செலவழித்த பணமும், வென்ற பிறகு வந்து சேர்ந்த அவமானமும் முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாகக் குறைந்திருக்கும். இந்த வகை ஆட்டத்தில் இறங்க நினைப்பவர்களுக்காகவே, குறிப்பாகப் பழைய காம்பிட் (வேகத்துக்காகத் தொடக்கத்திலேயே காயைப் பலிகொடுக்கும் முறை) ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த தொல்லைகள் பெரும்பாலும் விதிகளைச் சுற்றியே வந்தன. கரஸ்பாண்டன்ஸ் ஆட்டத்தில் புத்தகங்களைப் பார்க்கலாம், பழைய ஆட்டங்களின் தரவுத்தளத்தைப் புரட்டலாம், பலகையில் காய்களை நகர்த்திப் பார்த்து யோசிக்கலாம். நேரடி ஆட்டத்தில் குற்றமாகக் கருதப்படும் இவையெல்லாம் இங்கே ஆட்டத்தின் அங்கம். சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி எஞ்சின் விஷயத்தில்தான் இடத்துக்கு இடம் விதி மாறுகிறது. 1951-இல் உருவான சர்வதேச அமைப்பான ஐசிசிஎஃப் நடத்தும் போட்டிகளில் எஞ்சின் பயன்படுத்த அனுமதி உண்டு. அதனாலேயே அங்கே மேல்மட்ட ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை டிராவில் முடிகின்றன. லிசெஸ், செஸ்.காம் போன்ற தளங்களின் நாள்கணக்கு ஆட்டங்களில் புத்தகத்துக்கு அனுமதி உண்டு, எஞ்சினுக்குக் கிடையாது. நான் ஆடியது ஒரு சிறிய இணையக் குழு நடத்திய போட்டி. ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம். எஞ்சின் கூடாது, இன்னொருவரிடம் ஆலோசனை கேட்பதும் கூடாது. இந்த இரண்டாவது விதியைப் பலர் கவனிப்பதே இல்லை. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் நிலையை வாட்சாப் குழுவில் போட்டு "இதில் என்ன ஆடலாம்?" என்று கேட்பது நமக்குச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அது விதிமீறல். சேர்வதற்கு முன்னால் விதிகளின் பக்கத்தை முழுவதும் படித்து, அச்சிட்டோ படமெடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பின்னால் உதவியது.

வெள்ளைக் காய்கள் கிடைத்ததும் எவான்ஸ் காம்பிட் ஆடுவது என்று முடிவு செய்தேன். வில்லியம் டேவிஸ் எவான்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர் 1820-களில் கண்டுபிடித்த தொடக்கம் அது. இத்தாலியன் ஆட்டம் எனப்படும் தொடக்கத்தில் இரு தரப்புப் பிஷப்களும் வெளியே வந்தவுடன், வெள்ளை நான்காவது நகர்த்தலில் பி4 (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்) என்று ஒரு சிப்பாயைக் கறுப்புப் பிஷப்பின் வாயில் கொண்டுபோய் வைக்கிறது. அதை வெட்டினால் சி3 என்று பிஷப்பைத் துரத்தி, அடுத்து டி4 என்று நடுப்பலகையைப் பிடிக்கலாம். ஒரு சிப்பாய்க்கு ஈடாக வேகமும் இடமும் கிடைக்கின்றன. 1852-இல் ஆண்டர்சன் பெர்லினில் டுஃப்ரேனை வீழ்த்திய புகழ்பெற்ற 'எவர்கிரீன்' ஆட்டம் இந்தத் தொடக்கம்தான். ஆனால் என்னைத் துணியவைத்தது அது அல்ல. 1890–91-இல் தந்தி வழியாக நடந்த ஒரு போட்டி. நியூயார்க்கில் இருந்த உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸும் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்த சிகோரினும் இரண்டு ஆட்டங்களைத் தந்தியில் ஆடினார்கள். அவற்றில் ஒன்று எவான்ஸ் காம்பிட். ஸ்டைனிட்ஸ் தாம் நம்பிய தற்காப்பைப் பிடிவாதமாக ஆடி, காய்கள் கடைசி வரிசையில் ஒடுங்கும்படி நெருக்கப்பட்டுத் தோற்றார். இரண்டாவது ஆட்டத்தையும் சிகோரினே வென்றார். எதிராளிக்கு யோசிக்க வேண்டிய நேரம் முழுவதும் இருந்தும் ஒரு காம்பிட் வென்றிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பணம் போன கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எவான்ஸ் காம்பிட் பற்றிய ஒரு காணொளிப் பாடத் தொகுப்பை வாங்கினேன். ஏறத்தாழ நான்காயிரம் ரூபாய். அதோடு ஒரு தரவுத்தளத்துக்கு ஆண்டுச் சந்தா, கிட்டத்தட்ட அதே தொகை. பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனுக்கு நல்ல காலணி வாங்கிக் கொடுப்பதைத் தள்ளிப்போட்டு எடுத்த பணம் என்பதால் இன்னும் மனத்தில் உறுத்துகிறது. அந்தக் காணொளித் தொகுப்பு மோசமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் இருந்தவை ஐந்து நிமிட ஆட்டத்தில் எதிராளி தடுமாறும் பொறிகள்: இங்கே குதிரை வந்தால் ராணி போய்விடும், அங்கே ராஜா நகர்ந்தால் மாட் (ராஜா தப்ப முடியாமல் ஆட்டம் முடிவது) என்கிற வகை. மூன்று நாள் அவகாசம் இருக்கும் எதிராளி அந்தப் பொறிகள் ஒவ்வொன்றையும் புத்தகத்தில் பார்த்து விலகிப் போவார். கரஸ்பாண்டன்ஸ் ஆட்டத்துக்காகப் பாடம் வாங்குகிறவர்கள் அதன் மாதிரிப் பகுதியைப் பார்த்து, எதிராளியின் மிகச் சிறந்த தற்காப்புக்கு அதில் எத்தனை நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். எவான்ஸ் காம்பிட்டுக்கு எதிராகக் கறுப்பு பிஷப்பை ஏ5-க்குக் கொண்டுபோய், பிறகு டி6 ஆடி, பி6-க்குப் பின்வாங்கும் லாஸ்கரின் தற்காப்பு உண்டு. வாங்கிய சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியான ஆட்டத்துக்குப் போகும் வழி அது. காம்பிட் பல காலம் வழக்கொழிந்து கிடந்ததற்கு அந்தத் தற்காப்பு முக்கியக் காரணம். நான் வாங்கிய பாடத்தில் அதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

தரவுத்தளம் இன்னொரு வகையில் ஏமாற்றும். ஒரு நிலையைத் திறந்தால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே வெள்ளை வென்றது இத்தனை சதவீதம், கறுப்பு வென்றது இத்தனை சதவீதம் என்று பட்டைகள் தெரியும். எவான்ஸ் காம்பிட்டில் அந்தப் பட்டை வெள்ளைக்குச் சாதகமாகக் கண்ணைப் பறிக்கும். அந்த ஆட்டங்களை ஆடியவர்கள் யார், எந்த ஆண்டு, எவ்வளவு நேரக் கட்டுப்பாட்டில் ஆடினார்கள் என்று வடிகட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மின்னல்வேக ஆட்டங்களை நீக்கிவிட்டுத் தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது, நான் நம்பியிருந்த பல கிளைகள் பாதியாக இளைத்துப்போயின. ஒரு நகர்த்தலைச் சதவீதத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், அந்தக் கிளையின் கடைசி நான்கைந்து ஆட்டங்களைத் திறந்து, தோற்றவர் எந்த இடத்தில் தவறினார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தோற்றவர் தொடக்கத்தில் தவறவே இல்லை, முப்பதாவது நகர்த்தலில்தான் தவறினார் என்றால், அந்தத் தொடக்கத்துக்குக் கிடைத்த வெற்றிக் கணக்கு தொடக்கத்தின் பெருமை அல்ல.

ஆட்டம் இப்படிப் போயிற்று. எதிராளி பி4 சிப்பாயை வெட்டினார். நான் சி3 ஆடியதும் அவர் பிஷப்பை ஏ5-க்கோ சி5-க்கோ கொண்டுபோகாமல் இ7-க்குப் பின்வாங்கினார். எனக்கு உடல் சிலிர்த்தது. 1995-இல் ரிகாவில் நடந்த தால் நினைவுப் போட்டியில் காஸ்பரோவ் இதே காம்பிட்டை ஆடியபோது நம் விஸ்வநாதன் ஆனந்த் தேர்ந்தெடுத்த வழி அது. காஸ்பரோவ் அந்த ஆட்டத்தை 25 நகர்த்தல்களில் வென்றார். பல ஆண்டுகளாக யாரும் மேல்மட்டத்தில் பொருட்படுத்தாத தொடக்கத்தை அவர் எடுத்தது அன்று பெரிய அதிர்ச்சி. ஆனந்தின் தோல்வியை நினைத்து அந்தக் காலத்தில் வருந்தியவன், இப்போது அவரை வீழ்த்திய நகர்த்தல்களை ஒவ்வொன்றாக எதிராளியின் மேல் ஏவ வேண்டியிருந்தது. டி4, அவர் குதிரையால் என் பிஷப்பைத் தாக்க, நான் காஸ்பரோவைப் போலவே பிஷப்பை இ2-க்கு இழுத்தேன். அவர் டி4-ஐ வெட்ட, ராணியால் திருப்பி வெட்டினேன். பிறகு ஒரு சிப்பாயை இ5-க்குத் தள்ளினேன். ராணி எச்4-க்குப் போய், அங்கிருந்து ஜி3-க்கு வந்து ஜி7 சிப்பாயைக் குறிவைத்தது. அவர் ஜி6 ஆடினார். அந்த இடத்தில் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம்மாற்றுவது) செய்திருந்தால் பிஷப் எச்6-க்கு வந்து, மாட்டைத் தடுக்கும்போதே யானை ஒன்று போயிருக்கும். சி3 சிப்பாயை சி4-க்குத் தள்ளிவிட்டு, பதினான்காவது நகர்த்தலாக நான் யானையை டி1-க்குக் கொண்டுவரும் வரை ரிகா ஆட்டத்தின் நகல்தான்.

அங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புகழ்பெற்ற ஓர் ஆட்டத்தைப் பின்பற்றும்போது நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற எண்ணம் வரும். உண்மையில் அதே ஆட்டத்தின் விளக்கவுரையை எதிராளியும் படித்துக்கொண்டிருக்கிறார். தோற்றவர் எங்கே வேறு வழியில் போயிருக்கலாம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும், அந்த இடம் வரும்வரைதான் அவர் நம்மோடு சேர்ந்து நடப்பார். ஆகவே நகல் எடுக்கும் ஒவ்வொரு நகர்த்தலிலும் அடுத்து அவர் எங்கே விலகக்கூடும் என்று பார்த்து, விலகினால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதிவைக்க வேண்டும். நான் வரிசையிட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை இதற்கென்றே வைத்திருந்தேன். இடது பக்கம் நிலையின் படம், வலது பக்கம் என் மனத்தில் ஓடியவை: அவருடைய மிரட்டல் என்ன, நான் பார்த்த நகர்த்தல்கள் எவை, எதை ஏன் தள்ளினேன், அன்றைய தேதி. ராணிக்குச் சிவப்பு மை, மற்றதெல்லாம் நீலம். எழுத்து அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தேதியும் காரணமும் இருக்க வேண்டியது அவசியம். மூன்று நாள் இடைவெளியில் நம் மனம் தான் நினைத்ததை மறந்துவிடும், நேற்று தள்ளிய மோசமான நகர்த்தலை இன்று புதிய கண்டுபிடிப்பாக நினைத்து ஆடிவிடும்.

எதிர்பார்த்தபடியே எதிராளி விலகினார். ஆனந்த் அந்த இடத்தில் பி6 குதிரையை டி7-க்கு ஆடினார். என் எதிராளி காஸ்லிங் செய்தார். நான் பிஷப்பை எச்6-க்குக் கொண்டுவந்து யானையைத் துரத்திவிட்டு, அடுத்த குதிரையை சி3-இல் வெளியே எடுத்தேன். அதன் பிறகு பலகையைப் பார்த்தபோது என் பக்கம் ஒரு சிப்பாய் குறைவு, எதிராளிக்கு மாட் ஏதும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை, இனிமேல் வழிகாட்ட ஆட்டமும் இல்லை. பதில் வரவில்லை. மூன்று நாள் முடிய சில மணி நேரம் இருக்கும்போது எதிராளி விடுப்பு எடுத்துக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. பெரும்பாலான போட்டிகளில் ஆண்டுக்கு இத்தனை நாள் என்று விடுப்பு உண்டு, அந்த நாள்களில் கடிகாரம் நிற்கும். இதுவும் எனக்கு அதுவரை தெரியாது. அவர் விடுப்பில் இருந்த வாரங்களில்தான் நான் மிகவும் துன்பப்பட்டேன். நேரடி ஆட்டத்தில் ஒரு சிப்பாயைக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் விளைவு தெரிந்துவிடும். இங்கே அது கந்து வட்டிக் கடன்போல இரவும் பகலும் கூடவே வந்தது. அலுவலகத்தில் கணக்கு ஏடுகளைச் சரிபார்க்கும்போது இ5 சிப்பாய் நினைவுக்கு வரும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல் கைப்பேசியின் வெளிச்சத்தில் பலகையைப் பார்ப்பேன். "என்னங்க, அந்த ஆட்டம் இன்னுமா முடியலை?" என்று மனைவி கேட்டபோது, முடியவில்லை என்று சொல்வதற்குக்கூட எரிச்சல் வந்தது. ஒரே நேரத்தில் வேறு பல ஆட்டங்களையும் ஏற்றுக்கொண்டிருந்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. வேலைக்குப் போகிறவர்கள் காம்பிட் ஆடுகிற மாதங்களில் கையில் இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். கைப்பேசியில் பலகையைப் பார்க்கும் நேரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். நான் இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம், மரப்பலகையில் மட்டும், என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் தூக்கம் திரும்பியது. செயலியில் நகர்த்தலை உறுதிசெய்யக் கேட்கும் வசதி இருக்கும். அதை முதல் நாளே இயக்கிவிடுங்கள். பேருந்தில் கை தவறித் தொட்ட நகர்த்தலைத் திரும்பப் பெற முடியாது.

அந்த வாரங்களில் எஞ்சினைத் திறக்கும் ஆசை எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. மேசைக் கணினியில் அது ஏற்கெனவே இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் என் காம்பிட் சரியா தவறா என்று ஒரு எண் வந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் செய்த காரியம், ஆட்டம் முடியும்வரை அந்த மென்பொருளைக் கணினியிலிருந்தே நீக்கியது. ஆசையோடு தினமும் மல்லுக்கட்டுவதைவிட அது எளிது. ஆனால் தெரியாமலே விழக்கூடிய குழி ஒன்று இருக்கிறது. சில தரவுத்தளங்களில் நகர்த்தல்களுக்குப் பக்கத்திலேயே எஞ்சின் கணித்த மதிப்பும் எண்ணாகத் தெரியும். சில செயலிகளில் ஆய்வுப் பலகையைத் திறந்ததும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். பழைய ஆட்டங்களைத்தானே பார்க்கிறோம் என்று நினைத்துப் பார்க்கும் அந்த எண், எஞ்சின் தடை இருக்கும் போட்டியில் எஞ்சின் உதவிதான். நான் சந்தா கட்டிய தரவுத்தளத்திலும் அப்படி ஒரு பத்தி இருந்தது; அமைப்புகளில் போய் அதை மறைத்துவிட்டுத்தான் பயன்படுத்தினேன். முழுமையாக மறைக்க முடியாத தளம் என்றால், நடக்கும் ஆட்டத்தின் நிலையை அங்கே திறக்கவே வேண்டாம்.

விடுப்பு முடிந்து எதிராளி திரும்பியபோது எனக்கு ஒரு தெளிவு வந்திருந்தது. ஆனந்த் ஏன் குதிரையை டி7-க்கு ஆடினார் என்பதை நோட்டில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்ததில் கிடைத்த தெளிவு அது. என் யானை டி1-இல் நிற்கிறது, அவர் ராணி டி8-இல் நிற்கிறது, இடையில் இருப்பது டி6 சிப்பாய் மட்டும். அந்தச் சிப்பாய் என் இ5 சிப்பாயை வெட்டினால் டி வரிசை திறந்து அவர் ராணி போய்விடும். குதிரையால் வெட்டினாலும், நான் குதிரையால் வெட்ட, அவரால் சிப்பாயால் திருப்பி வெட்ட முடியாது. டி7-இல் ஒரு குதிரை நின்றிருந்தால் அந்தப் பார்வை மறைந்திருக்கும், இ5-ஐ நிம்மதியாக எடுத்திருப்பார். ரிகாவில் ஆனந்த் எடுத்தார். ஆக, காஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்தியதற்காக இந்த எதிராளி கொடுத்த விலை என்னுடைய இ5 சிப்பாயின் உயிர். அந்த ஒரு சிப்பாயைக் காப்பாற்றுவதே இனி என் வேலை என்று முடிவு செய்தேன். காம்பிட் ஆடுகிறவர்கள் கொடுத்த சிப்பாயைத் திரும்பப் பெறும் வழியைத் தேடித்தான் பெரும்பாலும் கெடுகிறார்கள். கொடுத்ததற்கு ஈடாகப் பலகையில் எது நிற்கிறது என்று கேட்டு, அதன் பெயரை ஒரு வரியில் எழுதிவைத்துக்கொண்டு, அது கலையாமல் பார்த்துக்கொள்வது நீண்ட ஆட்டத்துக்கு ஏற்ற முறை. என் நோட்டில் "இ5 + எச்6" என்று மட்டும் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டேன்.

அதன்பின் ஆட்டம் மெதுவாக, ஆனால் ஒரே திசையில் நகர்ந்தது. ஜி6 ஆடியதால் அவர் ராஜாவைச் சுற்றி எஃப்6, ஜி7, எச்6 ஆகிய கறுப்புக் கட்டங்கள் பலவீனமாகிவிட்டன. அவற்றைக் காத்துக்கொண்டிருந்தது இ7 பிஷப் ஒன்றுதான். என் குதிரை டி5-க்கு வந்து அந்தப் பிஷப்பை வெட்டிக்கொண்டது. அதற்காக நல்ல இடத்தில் நின்ற என் குதிரையைக் கொடுக்க வேண்டியிருந்ததில் எனக்கு வருத்தமில்லை. பிறகு ராணி எஃப்4 வழியாக எஃப்6-க்குப் போனது. அங்கே அதைக் காத்தது மாதக்கணக்கில் யாராலும் எடுக்க முடியாத அதே இ5 சிப்பாய். எச்6-இல் பிஷப், எஃப்6-இல் ராணி, ஜி7-இல் மாட். அந்தக் கட்டத்தைக் காக்க அவரிடம் காய் மிஞ்சவில்லை. ஆனாலும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அர்த்தமற்ற ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று நாளையும் முழுதாக எடுத்துக்கொண்டார். தோற்றுக்கொண்டிருப்பவர் கடிகாரத்தை இழுப்பது விதிப்படி அவர் உரிமை என்பதால் கோபப்பட்டுப் பயனில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நிபந்தனை நகர்த்தல் என்னும் வசதி உதவும்: அவர் இதை ஆடினால் நான் இது, அதை ஆடினால் அது என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால், அவர் ஆடிய நொடியில் பதில் போய்விடும். கட்டாயப் பதில்கள் மட்டுமே உள்ள நிலையில்தான் இதைப் பயன்படுத்த வேண்டும். ஒரு கிளையை மாற்றிப் பதிந்தாலும் திருத்த இடமில்லை.

கடைசியில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட அன்று இரவு எங்கள் தெருவில் பட்டாசு ஓய்ந்து வெகு நாளாகியிருந்தது. நான் மட்டும் ஓலைப்பட்டாசு வாங்கி வெடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மகிழ்ச்சி வார இறுதி வரைக்கும்கூட நிலைக்கவில்லை. நான் எஞ்சின் பயன்படுத்தியதாக எதிராளி புகார் கொடுத்திருப்பதாகவும், விசாரணை முடியும்வரை முடிவு நிறுத்திவைக்கப்படுவதாகவும் போட்டி நடுவரிடமிருந்து கடிதம் வந்தது. அதைவிட வலித்தது, குழுவின் பொது அரட்டையில் பெயர் சொல்லாமல் சிலர் பேசிய பேச்சு. இத்தனை இரவுகள் விழித்து, மென்பொருளையே நீக்கிவைத்து ஆடியவனுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. உடனே எதிராளிக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதி, அனுப்பாமல் அழித்தேன். குற்றச்சாட்டு வந்தால் எதிராளியோடு நேரடியாக வாக்குவாதம் செய்யாதீர்கள், பொது இடத்தில் பதில் எழுதாதீர்கள். நடுவருக்கு மட்டும், கேட்ட கேள்விக்கு மட்டும், சான்றோடு பதில் சொல்லுங்கள். என்னிடம் சான்று இருந்தது. நோட்டின் பக்கங்களைத் தேதி தெரியும்படி ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ரிகா ஆட்டத்தோடு ஒத்துப்போகும் நகர்த்தல்கள் எவை, அதன் பின் நான் தள்ளிய வழிகள் எவை என்று வரிசைப்படுத்தி அனுப்பினேன். புத்தகத்தில் உள்ள தொடக்க நகர்த்தல்களை ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை, அதற்குப் பிறகு வரும் நகர்த்தல்கள் எஞ்சினின் முதல் தேர்வோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் பார்ப்பார்கள் என்று நடுவர் பின்னர் விளக்கினார். என் ஆட்டத்தில் எஞ்சின் இன்னும் விரைவாக வெல்லும் வழிகளைக் காட்டிய இடங்கள் பல இருந்தனவாம். மனிதத்தனமான அந்தத் தயக்கங்களே என்னைக் காப்பாற்றின என்பதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

வாரங்கள் கழித்து முடிவு உறுதியானது, தரப்புள்ளிகள் ஏறின. பொது அரட்டையில் பேசியவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே குழுவில் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், இரண்டு ஆட்டங்கள் மட்டும். தரவுத்தளத்தின் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை இலவசமாகத் தேடித் தரும் தளங்கள் கரஸ்பாண்டன்ஸ் ஆட்டத்தின் தொடக்கத்துக்குப் போதுமானவை என்பதை ஆட்டத்தின் நடுவில்தான் கண்டுகொண்டேன். காணொளித் தொகுப்பைத் திருப்பிக் கொடுக்கக் கேட்டேன். பார்த்துமுடித்த பாடத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று பதில் வந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் ஆட்டம் முடியும்வரை காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு மரப்பலகை, விதிகளின் அச்சுப் பிரதி இவை போதும். மகனுக்குக் காலணி சென்ற வாரம் வாங்கிவிட்டேன்.